ஃபிளாஷ் போட்டால் மட்டும் வரும் புள்ளி

போன வாரம் இந்த இடத்தில் நான் இல்லை. பத்திரிகையில் இருந்து போன் வந்தது. எழுத முடியவில்லை என்றேன். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு என் போன் கேமராவை ரிப்பேர் பார்த்த கதையில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் மித்ராவை உங்களுக்குத் தெரியும். அவளுடைய முதல் பல், முதல் காய்ச்சல், என் செருப்பைக் கடித்தது, அதற்கு நான் பதறியது... எல்லாவற்றையும் இங்கேதான் கொட்டியிருக்கிறேன். இப்போது அவளுக்கு ஒன்றரை வயது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, புது கவுன் போட்டு உட்கார வைத்திருந்தேன். கரண்ட் போயிருந்தது. ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தேன். நல்ல சிரிப்பு. கன்னத்தில் குழிகூட விழுந்திருந்தது. ஆனால் இடது கண்ணில், கறுப்பாக இருக்க வேண்டிய கண்மணியில், ஒரு வெள்ளைப் புள்ளி. இருட்டில் பூனையின் கண் மின்னுமே, அப்படி. வலது கண் எப்போதும் போல இருந்தது.

என் கணவர் குமார், எம். புதுப்பட்டி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன்.

"பவுடர்மா," என்றார். பார்த்த அந்த நொடியே.

வெளியூர் வாசகர்களுக்காக இதை விளக்க வேண்டும். பட்டாசு வெடிக்கும்போது வெள்ளை வெளிச்சம் வருகிறதே, அது அலுமினியப் பவுடரின் வேலை. வெள்ளி நிறம். மாவைவிட நைசு. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் இருக்கும் மரப்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் பவுடருக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. அது ஆளோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடும். தலைமுடியில், காது மடலில், நகக்கண்ணில். எங்கள் வீட்டுத் தலையணை உறை மினுங்கும். சார்ஜர் ஓட்டை மினுங்கும். அதனால் எங்கள் பக்கத்தில் மிக்சி நின்றாலும், ஃபேன் சத்தம் போட்டாலும், டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் முதல் தீர்ப்பு ஒன்றுதான் — பவுடர் போயிருக்கும்.

பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அதுதான் பிரச்சினையே.

சரி, பவுடர்தான் என்று நானும் வேலையை ஆரம்பித்தேன். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் லென்ஸைத் துடைத்தேன். கவரைக் கழற்றி எடுத்துப் பார்த்தேன். போனை அணைத்துப் போட்டேன். அப்டேட் செய்தேன். கேமரா செட்டிங்கை முதலில் இருந்தபடி மாற்றினேன். சுவரை எடுத்தேன், குக்கரை எடுத்தேன், ஃபிளாஷ் போட்டு என்னையே எடுத்தேன். எல்லாம் நன்றாக வந்தது. மித்ராவை எடுத்தால் புள்ளி. அதுவும் எல்லாப் படத்திலும் இல்லை. ஃபிளாஷ் போட்டால் மட்டும், அவள் ஒரு பக்கமாகப் பார்த்தால் மட்டும்.

"அப்ப ஃபிளாஷ்தான் கோளாறு," என்றார் குமார்.

"இல்லங்க. லென்ஸ்ல தூசி இருந்தா புள்ளி ஒரே எடத்துல இல்ல நிக்கணும்? இவ எங்கன நின்னாலும் அது கண்ணுக்குள்ளயே போய் நிக்கிதே?"

"ஆமா, நீ போன் டாக்டரு..."

அவருடைய போனை வாங்கி எடுத்தேன். அதிலும் வந்தது. காட்டினேன். சிரித்தார். "என் போன்ல மட்டும் பவுடர் இருக்காதாக்கும்? தினமும் கம்பெனி கேட்டுலதான கெடக்கு!"

எங்கள் ஊரில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட போன் ஒன்றுகூடக் கிடையாது.

இன்டர்நெட்டில் தேடினேன். "ஃபிளாஷ் போட்டால் படத்தில் வெள்ளைப் புள்ளி" என்று தட்டினேன். பக்கம் பக்கமாகக் கொட்டியது. லென்ஸைத் துடையுங்கள், கவரை மாற்றுங்கள், சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். நான் கேமராவைப் பற்றிக் கேட்டேன். அது கேமராவைப் பற்றியே சொன்னது. கடைசியில் எங்கேயோ ஒரு வரி — குழந்தைகளின் கண் பரிசோதனை பற்றி. ஓடிப்போய் அதையும் குமாரிடம் காட்டினேன்.

"செல்வி, போன மழைக்குச் சாதாரணச் சளிய டெங்குன்னு சொன்னது யாரு? தோல்ல கொசு கடிச்சதுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கணும்னது யாரு? நீ மொதல்ல அந்த நெட்ட ஆஃப் பண்ணு. சீசன் முடியட்டும். லோடு நிக்கிது. தீபாவளி கழிஞ்சு எங்க வேணாலும் கூட்டிட்டுப் போறேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. டெங்கு என்று சொன்னது நான்தான். ரத்தப் பரிசோதனையும் நான்தான். பயந்து பயந்தே என் பயத்துக்கு மதிப்பில்லாமல் செய்துகொண்டவள் நான். இதையும் இந்தப் பத்தியில் வேடிக்கையாக எழுதியிருக்கிறேன், நீங்களும் சிரித்திருக்கிறீர்கள்.

குமாரின் அக்கா, என் மதினி, பக்கத்துத் தெருவில் இருக்கிறார். படத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பிள்ளைய இம்புட்டு போட்டோ எடுத்தா கண்ணு பட்டுத்தான் போகும். எடுக்கிறதையும் எடுத்துப்புட்டு, கண்ணுல வெள்ளை, மூக்குல கறுப்புன்னு ஆராய்ச்சி வேற. ஒனக்குப் படிப்பு கூடிப்போச்சு."

மிளகாய் வற்றலும் உப்பும் எடுத்துக் குழந்தையைச் சுற்றிப் போட்டார். அடுப்பில் போட்ட மிளகாய் நெடியில் எங்கள் எல்லோருக்கும் கண் எரிந்தது.

அப்போதுதான் மித்ராவுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். குலதெய்வம் கோயிலில். எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸ் இல்லாமல் ஒரு விசேஷம் நடந்துவிட முடியுமா? தடுக்கி விழுந்தால் ஒரு பிரஸ் வாசலில்தான் விழ வேண்டும். ஸ்டுடியோக்காரர் வீட்டுக்கே வந்து, பெரிய கேமராவில் ஃபிளாஷ் மாட்டி மித்ராவை எடுத்துப் போனார். ஃப்ளெக்ஸ் வந்தது. கோயில் வாசலில் ஆள் உயரத்துக்கு என் மகள். தலையில் தங்க நிறக் கிரீடம், பின்னால் தாமரைக் குளம், இரண்டு பக்கமும் மயில்.

நான் கிரீடத்தைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தேன்.

இரண்டு கண்ணும் கறுப்பாக, பளிச்சென்று, ஒன்றுபோல இருந்தன.

"பாத்தியா?" என்றார் குமார். "நல்ல கேமராவுல எடுத்தா நல்லா வருது. போனுதான் கோளாறுன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். அன்று பந்தியில் நன்றாகச் சாப்பிட்டேன். மதினிகூட, "இப்பத்தான் மூஞ்சி தெளிஞ்சிருக்கு," என்றார். அதற்குப் பிறகு போனில் புள்ளி வந்தபோதெல்லாம் எரிச்சல்தான் வந்தது. பயம் வரவில்லை. எவ்வளவு பெரிய நிம்மதி அது! என் வாழ்நாளில் அப்படி ஒரு நிம்மதி இனி எனக்கு வேண்டாம்.

தீபாவளி நெருங்கும்போது போனை ரிப்பேருக்குக் கொடுத்தேன். பஜாரில் ஒரு மொபைல் கடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஆனால் வருகிற எல்லாரும் அவருக்கு அக்கா.

"வாங்கக்கா, உக்காருங்க. பட்டாசுக் கம்பெனி வீடா? சொல்லவே வேணாம், பவுடர்தான். நம்மூர்ல பாதி போனு இப்படித்தான் வருது."

போனின் முதுகில் சூடு காட்டி, தகட்டைச் செருகித் திறந்தார். லென்ஸ் வளையத்தைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்து என்னைக் கூப்பிட்டார். "பாருங்க, எப்படி மினுங்குது!"

பார்த்தேன். வளையத்தின் ஓரத்தில், மெல்லிய கோடாக, வெள்ளி நிறத்தில் பவுடர். நிஜமாகவே இருந்தது.

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கேமராவையே மாற்றிவிடச் சொன்னேன்.

மறுநாள் காலையில் மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனை வாங்கப் போனேன். கடைக்காரர் ஃபிளாஷ் போட்டுக் காலண்டரை எடுத்துக் காட்டினார். தேதிக்குக் கீழே இருந்த பொடி எழுத்தெல்லாம் தெரிந்தது. தன்னையே எடுத்துக்கொண்டார். "பாத்தீகளா, எங்க வீட்ல பொண்ணு பாக்கிறதுக்கு இந்தப் படத்தையே குடுத்துரலாம்." நானும் சிரித்தேன். பிறகு மித்ராவை எடுத்தார்.

அப்படி ஒரு தெளிவான படம் அந்தப் போனில் வந்ததே இல்லை. இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வாயோரம் பிஸ்கட் துணுக்கு தெரிந்தது. இடது கண்ணில் வெள்ளை... அதுவும் முன்பைவிடத் தெளிவாக.

"ஃபிளாஷ் ஒத்துக்கல போலக்கா," என்றார் கடைக்காரர். "அதோட போர்டையும் மாத்திருவோம்."

"ஒங்க கண்ணுல வரலயே தம்பி. இவ கண்ணுல மட்டும் ஏன் வருது?"

"சின்னப் பிள்ளைக கண்ணு பளபளன்னு இருக்கும்லக்கா. நம்ம கண்ணுதான் மங்கிப்போச்சே."

"அப்ப ரெண்டு கண்ணுலயும்ல வரணும்?"

"ஃபிளாஷ் ஒரு பக்கமாத்தான இருக்கு?"

போனைத் தலைகீழாகப் பிடித்து நானே எடுத்தேன். அப்போதும் இடது கண்தான். காட்டுவதற்குள் அடுத்த ஆள் உடைந்த டிஸ்பிளேயோடு வந்துவிட்டார். "சாயங்காலமா வாங்கக்கா, நெதானமாப் பாத்துருவோம்."

எனக்குக் கோபம். நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான். சரியாக வேலை பார்க்காமல் காசு வாங்கிவிட்டாரே என்று. ஸ்டுடியோ எடுத்த படத்தைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே காட்டி, "என் பிள்ளை கண்ணு இப்படி இருக்கணும், உன் கேமராவுல ஏன் இப்படி வருது?" என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்குப் போனேன்.

அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் பெண் ஒருத்தி உண்டு. காதில் ப்ளூடூத், பக்கத்தில் டிபன் பாக்ஸ். மித்ராவைப் பார்த்ததும் சிரித்தாள். "ஏ கிரீடம் பாப்பா! வாங்கக்கா, சாப்பிட்டீகளா?"

"அன்னைக்கு ஸ்டுடியோக்காரர் குடுத்த போட்டோ இருக்காம்மா? போனுக்கு அனுப்பணும்."

"எது வேணும்க்கா? ஒரிஜினலா, கரெக்சன் பண்ணதா?"

"என்ன கரெக்சன்?"

"எல்லாருக்கும் பண்றதுதான்க்கா. மூஞ்சிய வெளுப்பாக்குறது, மூக்குச்சளி எடுக்குறது... பாப்பாவுக்கு இந்தக் கண்ணுல வெள்ளை அடிச்சிருந்துச்சு. அதான் வலது கண்ண எடுத்துத் திருப்பி இங்கன ஒட்டிட்டேன். தெரியவே இல்லைல்ல?"

பெருமையாகச் சொன்னாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவள் வேலை அது. நம் ஊரில் பிள்ளை முகத்தில் ஒரு குறை இருந்தால் ஃப்ளெக்ஸில் போடுவோமா? கறுப்பாக இருந்தால் வெளுப்பாக்கச் சொல்கிறோம், முடி இல்லாவிட்டால் முடி வைக்கச் சொல்கிறோம். கேட்காமலே செய்து கொடுத்தால் நல்ல டிசைனர் என்கிறோம்.

மவுஸைத் தட்டிக் காட்டினாள். ஒட்டிய கண் மறைந்தது — வெள்ளை. திரும்பத் தட்டினாள் — கறுப்பு. வெள்ளை. கறுப்பு.

அது போன் இல்லை. பட்டாசுக் கம்பெனிப் பக்கமே போகாத ஸ்டுடியோ கேமரா.

இடுப்பில் இருந்த மித்ரா ஸ்கிரீனில் தன்னைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. என் உள்ளங்கையால் அவளுடைய இடது கண்ணை மூடினேன். அவள் பாட்டுக்கு ஸ்கிரீனைப் பார்த்துச் சிரித்தாள். கையை எடுத்து வலது கண்ணை மூடினேன்.

சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்து இழுத்தாள். தலையை ஆட்டினாள். வீறிட்டு அழுதாள்.

திரும்ப இடது கண்ணை மூடினேன். அழுகை அடங்கி, ஸ்கிரீனைப் பார்த்தாள்.

"என்னக்கா வெளாட்டு இது, பாப்பா பயப்படுதுல்ல?" என்றாள் அந்தப் பெண்.

கேமராவைச் சோதிக்க அத்தனை வழி தேடியவளுக்கு, குழந்தையைச் சோதிக்க என் கை போதும் என்று அதுவரை தோன்றவே இல்லை.

குமாருக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. கேட்டில், மரப்பெட்டிக்குள், யாருக்கும் கேட்காமல். திரும்பத் திரும்ப அடித்தேன். பிறகு மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று மெசேஜ் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மதுரை பஸ்ஸில் ஏறினேன். டயப்பர் பை இல்லை, பால் பாட்டில் இல்லை. விருதுநகர் தாண்டும்போது மித்ரா என் துப்பட்டாவைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டாள். குமார் சாயங்காலம் பெட்டியைத் திறந்து, பார்த்து, சட்டைகூட மாற்றாமல் வந்து சேர்ந்தார்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டார்கள், இருட்டு அறையில் லைட் அடித்துப் பார்த்தார்கள், மறுநாள் மயக்கம் கொடுத்தும் பார்த்தார்கள். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். கண்ணுக்குள்ளே பின்பக்கம் கட்டி. அது என்ன கட்டி என்றும் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊசி மருந்தை உடனே ஆரம்பிக்க வேண்டும். "உயிரைக் காப்பாத்திரலாம். அந்தக் கண்ணைப் பத்தி இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

பிறகு கேட்டார். "முதல்ல எப்ப கவனிச்சீங்க?"

குமார்தான் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு.

"காதுகுத்துக்கு முன்னாடியே டாக்டர். இவ சொன்னா. நான்தான் பவுடர்னு..."

"பவுடரா?"

டாக்டருக்குப் புரியவில்லை. குமார் விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பவே வந்திருந்தா?" என்று நான் கேட்டேன்.

"அதை இப்ப யோசிக்காதீங்கம்மா," என்றார் டாக்டர். அன்பாகத்தான் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்.

முதல் ஊசி முடிந்து வீட்டுக்கு வந்தோம். மித்ரா ஒன்றும் நடக்காதது போலக் குக்கர் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். மதினி வந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நிஜமான அழுகைதான். அழுது முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெத்தவளுக்குத் தெரியாமப் போச்சே தாயி! பிள்ள மூஞ்சியப் பாத்தாலே சொல்லிர வேணாமா? ஏலே குமாரு, நீயாச்சும் காலாகாலத்துல கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதாலே?"

குமார் வாசலுக்கு எழுந்து போய்விட்டார். நான் மதினிக்குக் காபி போட்டேன். வேறு என்ன செய்வது? சண்டை போடுகிற தெம்பை எல்லாம் மதுரைக்கு எடுத்துவைத்திருக்கிறேன்.

ஆனால் உங்களிடம் சொல்லலாம் இல்லையா? நம் வீடுகளில் ஒரு அம்மா பயந்தால், முதலில் ரிப்பேருக்குப் போவது அந்த அம்மாதான். தூங்கு, நெட் பார்க்காதே, கோயிலுக்குப் போ, நீ எப்பவும் இப்படித்தான்... அத்தனை பேரும் சேர்ந்து அவளைச் சரிசெய்துவிடுகிறார்கள். அவளும் சரியாகிவிடுகிறாள். அவளுக்கும் அதுதானே வேண்டியிருக்கிறது? கடைசியில் பயந்தது சரி என்று தெரிந்தால், அதே ஆட்கள்தான் கேட்கிறார்கள் — நீ ஏன் பயப்படவில்லை?

பயப்பட்டாலும் குற்றம், பயப்படாவிட்டாலும் குற்றம் என்றால், இனி நான் பயந்துவிட்டுப் போகிறேன்.

நேற்று மொபைல் கடையில் இருந்து போன். "அக்கா, அந்த ஃபிளாஷ் போர்டு வந்திருச்சு. போனக் கொண்டாரீகளா?" வேண்டாம் தம்பி, போன் நல்லா இருக்கு என்றேன். "அப்படியா? எப்படிக்கா சரியாச்சு?" என்று ஆச்சரியப்பட்டார்.

உங்கள் வீட்டில் குழந்தை இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், அது ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஒன்றுமில்லை என்று கண் டாக்டர் சொல்லட்டும். கணவரோ, மதினியோ, கடைக்காரரோ கேமரா கோளாறு என்று சொன்னால் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஆமாங்க என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.